அவசரம் தெரியாத குரல்: 'ஜான் கோல்ட்ரேன் அண்ட் ஜானி ஹார்ட்மன்' இசைத்தட்டு

காதல் பாட்டு பாடுகிறவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. வரியில் இருக்கும் காதல் போதாதென்று குரலிலும் இரண்டு கரண்டி அள்ளிப் போடுவார்கள். பாதி மூச்சாகவே பாடுவது, வரி முடியும் இடமெல்லாம் குரலை நடுங்கவிடுவது, 'காதல்' என்ற சொல் வந்தாலே இழுப்பது என்று நீளும். ஜானி ஹார்ட்மன் இதில் எதையும் செய்வதில்லை. அறுபது ஆண்டு தாண்டியும் இந்த இசைத்தட்டு சலிக்காமல் இருப்பதற்கு அதுவே முதல் காரணம் என்பேன்.

விவரம் சுருக்கமாக. பதிவான நாள் 1963 மார்ச் 7. இடம் நியூ ஜெர்சியின் எங்கில்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. வெளியிட்டது இம்பல்ஸ் நிறுவனம், தயாரித்தவர் பாப் தீல். டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன், பியானோ மெக்காய் டைனர், பேஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். பாட்டு ஆறு, ஆறுமே ஸ்டாண்டர்ட். அதாவது நாடகத்துக்கோ சினிமாவுக்கோ மேடைக்கோ வேறு யாரோ எழுதி, பிறகு ஜாஸ்காரர்கள் ஆளுக்கொரு விதமாக எடுத்தாண்ட பாட்டுகள். ஆறும் சேர்ந்து 31 நிமிடச் சொச்சம். 'இவ்வளவுதானா?' என்று முதலில் தோன்றும். இந்த வேகத்தில் ஏழாவதாக ஒன்று வந்திருந்தால் கேட்பவர் தளர்ந்திருப்பார். அளவு சரி.

கோல்ட்ரேன் ஏன் காதல் பாட்டுப் பக்கம் வந்தார் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1961இல் 'டவுன்பீட்' பத்திரிகையில் அவர் வாசிப்பை 'ஜாஸுக்கு எதிரானது' என்றே ஒரு விமர்சகர் எழுதினார். நீளமான, மூச்சு முட்ட வைக்கும் வாசிப்பு பலருக்குப் பிடிபடவில்லை. அந்த எரிச்சலைத் தணிக்க நினைத்தார் தீல். 1962 செப்டம்பரில் பியானோ கலைஞர் டியூக் எலிங்டனோடு ஒரு பதிவு, நால்வர் குழுவை மட்டும் வைத்து 'பாலட்ஸ்', அடுத்து இது. ஆனால் வியாபாரக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதே நால்வர் இதே ஸ்டூடியோவில் முந்தைய நாள், மார்ச் 6 அன்று, பதிவு செய்தவை 2018இல்தான் 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் புயல் மாதிரி அடித்த கைகள் மறுநாள் ஒரு பாடகருக்காக எப்படி அடங்குகின்றன என்பது தெரியும். வாசிக்கத் தெரியாதவன் அடங்குவதற்கும் எல்லாம் தெரிந்தவன் அடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே காதில் விழும்.

ஹார்ட்மனுக்கு அப்போது வயது 39. 1940களின் இறுதியில் ஏர்ல் ஹைன்ஸ் குழுவிலும், பிறகு டிஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவிலும் பாடியவர். 1955இல் தனி ஆல்பமும் போட்டார். ஆனாலும் பெரிய பெயர் இல்லை. குரல் பாரிடோன். ஆண் குரலில் நடுத்தரத் தாழ்வு என்று சொல்லலாம். கீழ் ஸ்தாயியில் இறங்கும்போது பலருக்குக் குரல் கரகரக்கும், அல்லது காற்றாகக் கரையும். இவருக்கு அங்கேதான் குரல் வட்டமாகிறது. மேலே போகும்போது சத்தம் கூட்டுவதில்லை, அதே அளவில் ஏறி அதே அளவில் இறங்குகிறார். கேட்க எளிதாக இருக்கும். பாடிப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் செய்வதை மூன்று இடத்தில் பிடிக்கலாம்.

ஒன்று, மூச்சு. இந்த ஆல்பத்தின் பாலட்கள், அதாவது மெதுவாக நடக்கும் காதல் பாட்டுகள், நிமிடத்துக்குச் சுமார் 60 தட்டு என்ற வேகத்தை ஒட்டி நடக்கின்றன. தட்டுக்கு ஒரு நொடி என்று வையுங்கள். நான்கு தட்டுக்கு ஒரு பார், நான்கு பார் கொண்டது ஒரு வாக்கியம் என்றால் 16 நொடி. பாதிப் பேர் அதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கிவிடுவார்கள். பெயரடைக்கும் பெயருக்கும் நடுவே வெட்டு விழுந்து அர்த்தம் உடையும். ஹார்ட்மன் மூச்சு எடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தால், எழுத்தில் காற்புள்ளி விழும் இடமாகவே இருக்கும்.

இரண்டு, சொல் முடிவு. உயிரெழுத்தில் நின்றுவிட்டு, மெய்யைக் கடைசியில், சரியான தட்டில், மென்மையாக மூடுகிறார். ஆங்கிலத்தில் 'ம்', 'ன்', 'ல்' என்று முடியும் சொற்கள் நிறைய. அந்த ஒலிகளைத் தொண்டையில் அடைக்காமல் உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஒலிக்க விடுவதால், சொல் முடிந்த பிறகும் ஒரு ரீங்காரம் மிஞ்சுகிறது. இந்த இசைத்தட்டில் 'காதல்' என்று பலரும் சொல்வதில் பாதி இந்த ரீங்காரம்தான்.

மூன்று, அசைவு. நீண்ட சுரத்தை ஆடாமல் அசையாமல் பிடிக்கிறார். முடிவை நெருங்கும்போதுதான் மெல்ல அசையத் தொடங்குகிறது குரல். ஆரம்பத்திலேயே ஆட்டத் தொடங்கினால் சுருதி எங்கே நிற்கிறது என்றே கேட்பவருக்குத் தெரியாது. கடைசியில் வரும் அசைவு ஒரு பெருமூச்சு மாதிரி வேலை செய்கிறது.

இனி பாட்டுக்கு வருவோம். ஆறையும் வரிசையாகச் சமமாகப் பேச வேண்டியதில்லை. ஆறும் ஒரே தரமில்லை.

முதல் பாட்டு 'தே ஸே இட்ஸ் வண்டர்ஃபுல்'. 1946இல் 'ஆனி கெட் யுவர் கன்' நாடகத்துக்காக இர்விங் பெர்லின் எழுதியது. காதல் அற்புதமானது என்று ஊரார் சொல்லக் கேள்வி என்பதுதான் பாட்டின் கரு. பாடுகிறவர் நேராகக் காதலை மெச்சிவிட்டால் அந்த 'சொல்கிறார்கள்' செத்துப்போகும். ஹார்ட்மன் அதைக் கொஞ்சம் தள்ளி நின்று, கேள்விப்பட்டதை ஒப்பிப்பவர் போலவே தொடங்குகிறார். நம்பிக்கை பின்னால்தான் வருகிறது. ஆல்பத்தைத் தொடங்கிவைக்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

'டெடிகேட்டட் டு யூ' அழகுதான். ஆனால் பாட்டே கொஞ்சம் சர்க்கரை தூக்கல். நான் ஒரு புத்தகம் எழுதினால் அது உனக்குச் சமர்ப்பணம், ஓவியம் தீட்டினால் அதுவும் உனக்கே என்று போகும். ஹார்ட்மன் பாடுவதால் தப்பிக்கிறது.

'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்' வேறு ரகம். 1947இல் வேறு தலைப்பு, வேறு வரிகளோடு வந்து எடுபடாமல் போன மெட்டு இது. கய் வுட் போட்ட அந்த மெட்டுக்கு ராபர்ட் மெலின் புதிதாக வரி எழுதிய பிறகுதான் பிழைத்தது. 1953இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பதிவு செய்தார். மெட்டு எளிதானது இல்லை. முதல் வரியிலேயே கீழிருந்து ஏறி ஒரு ஸ்தாயியைத் தாண்டி எட்ட வேண்டும். நடுவில் வரும் பிரிட்ஜ் பகுதி சோகம் தொனிக்கும் மைனர் சாயலுக்கு மாறி, பாட்டின் நிறத்தையே கருக்கிவிட்டுத் திரும்புகிறது. மொத்தம் 32 பார். முன்சொன்ன வேகத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இந்தப் பதிவு 4 நிமிடம் 55 நொடி. முன்னுரையும் முடிவும் போக இரண்டு சுற்றுக்குத்தான் இடம்.

அந்த இரண்டை எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். முதல் சுற்று முழுவதும் கோல்ட்ரேனுக்கு. பெரிதாகக் கற்பனைக்குப் போகாமல் மெட்டை மெட்டாகவே வாசிக்கிறார். கேட்பவர் மனதில் ராகம் படிந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றில் ஹார்ட்மன் நுழைகிறார். பாட்டு பாதி முடிந்த பிறகே பாடகர் வருகிறார்! வந்து, ஒரே ஒரு முறை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடிவிட்டுப் போய்விடுகிறார். திரும்பப் பாடுவதில்லை, கடைசி வரியை மூன்று முறை சொல்லிக் கைதட்டல் வாங்குவதில்லை. சாக்ஸபோன் ஏற்கெனவே சொன்னதற்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்தது போல இருக்கும். ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரம் உண்டு என்பவருக்கு இதைக் கைகாட்டலாம்.

இரண்டாம் பக்கம் தொடங்குவது 'லஷ் லைஃப்'. இதற்கு நேரம் கொடுத்தாக வேண்டும்.

பில்லி ஸ்டிரேஹார்ன் இதை எழுதியபோது பதின்ம வயதுப் பையன். 1930களில் எழுதத் தொடங்கி, பொது மேடையில் ஒலித்தது 1948இல். குடிக்கும் கூத்துக்கும் நடுவே காலம் தள்ளி, ஒரு காதல் வந்து எல்லாம் மாறுமென்று நம்பி, அதுவும் பொய்த்துப்போன ஒருவரின் புலம்பல். புலம்பல் என்றேனே தவிர, ஒரு சொல்லிலும் அழுகை கிடையாது. கசப்பை நாகரிகமான உடை உடுத்திக்கொண்டு சொல்லும் பாட்டு. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உடையை மறந்து கசப்பைக் கொட்டுவார்கள், அல்லது கசப்பை மறந்து உடையை மட்டும் காட்டுவார்கள்.

இசையாகவும் இது பொல்லாத பாட்டு. சாதாரண ஸ்டாண்டர்டில் முகப்புப் பகுதியான வெர்ஸை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்குப் போய்விடலாம். இதில் முடியாது. கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. கோர்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்கள், பக்கத்து அரைச்சுரத்துக்குச் சட்டென்று நழுவி மீளும். அந்த நழுவலில் பாடுபவர் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. பியானோ தரும் ஆதாரம் காலடியில் நகர, மெட்டு வேறொரு சுரத்தில் நிற்கச் சொல்லும். சினாட்ராவே 1958இல் 'ஒன்லி த லோன்லி' ஆல்பத்துக்காக இதை எடுத்துப் பார்த்துவிட்டு, முடிக்காமல் வைத்துவிட்டார்.

ஹார்ட்மன் வெர்ஸை டைனரின் பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு, தாளக் கட்டு இல்லாமல் பாடுகிறார். நம் காதுக்கு விருத்தம் பாடும் முறை நினைவுக்கு வரும். பேச்சு எங்கே வேகம் எடுக்குமோ அங்கே வேகம், எங்கே தயங்குமோ அங்கே நிறுத்தம். டைனர் முன்னால் ஓடுவதில்லை. ஹார்ட்மன் சொல்லை வைத்த பிறகு கோர்டை வைக்கிறார். பல்லவி தொடங்கும் இடத்தில் பேஸும், டிரம்ஸைத் தேய்க்கும் கம்பிக் குஞ்சமான பிரஷும் சேர, அதுவரை மிதந்துகொண்டிருந்தது தரையில் கால் ஊன்றுகிறது. அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். சத்தம் கூடுவதில்லை, தாளம் மட்டும்தான் வருகிறது. ஆனாலும் அறைக்குள் யாரோ விளக்குப் போட்டது போல இருக்கும்.

கோல்ட்ரேன் இங்கே எடுத்துக்கொள்ளும் சுற்றில் எல்வினும் கேரிசனும் இரட்டிப்பு நடைபோல் ஒரு துள்ளல் கொடுக்கிறார்கள். கோர்டுகள் அதே நிதானத்தில்தான் நகரும், உள்ளே சலனம் மட்டும் இரண்டு மடங்கு. பாடப்பட்ட கசப்புக்கு அடியில் இருந்த கலவரம் அங்கே வெளியே எட்டிப் பார்க்கிறது. ஹார்ட்மன் திரும்பி வந்ததும் மீண்டும் அடங்கிவிடும். கோல்ட்ரேன் இதே பாட்டை 1958இல் ரெட் கார்லண்ட், டொனால்ட் பைர்டு ஆகியோருடன் ஏறக்குறைய 14 நிமிடம் வாசித்திருக்கிறார். அதையும் கேளுங்கள், நல்ல வாசிப்பு. ஆனால் 14 நிமிடம் சொன்னதை இங்கே ஐந்தரை நிமிடம் கூடுதல் கனத்தோடு சொல்கிறது.

'யூ ஆர் டூ பியூட்டிஃபுல்' 1933இன் சினிமாப் பாட்டு, ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லோரன்ஸ் ஹார்ட்டும் எழுதியது. படத்தில் ஆல் ஜோல்சன் பாடினார். ஒருவனுக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாத அளவுக்கு அழகி நீ என்ற சங்கதி, இன்றைய காதுக்குக் கொஞ்சம் பழையதாகப் படும். 'லஷ் லைஃப்' முடிந்த கையோடு வருவதால் இதற்குக் கிடைக்கவேண்டிய கவனமும் கிடைப்பதில்லை. தனியாக ஒருமுறை கேட்டால் இதன் நிதானம் பிடிபடும்.

'ஆட்டம் செரினேட்' நடையில் மாறுகிறது. எல்வின் லத்தீன் அமெரிக்கத் தாள நடைக்குப் போகிறார். ஐந்து பாட்டு கண்மூடிக் கேட்ட பிறகு இந்த அசைவு தேவையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு சின்னது. உணர்ச்சியிலும் சின்னது. முடிவாக இதை வைத்தது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆறு பாட்டில் பலவீனமானது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

கோல்ட்ரேனின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாடகருக்குப் பின்னால் சாக்ஸபோன் வாசிப்பதில் இரண்டு தவறு வழக்கமாக நடக்கும். பாடகரின் சுரத்தையே கூட வாசித்து மூடிவிடுவது ஒன்று. இடைவெளி தெரிந்தால் போதும், ஓடிவந்து நிரப்புவது இன்னொன்று. இவர் வரி முடிந்து, அந்த ரீங்காரம் அடங்கி, அதன் பிறகே நுழைகிறார். கச்சேரியில் நல்ல வயலின்காரர் பாடகரின் சங்கதியை முழுக்கத் திருப்பி வாசிக்காமல் அதன் வாலை மட்டும் தொட்டுக் காட்டுவாரே, அந்த நாகரிகம். ஹார்ட்மன் அலங்காரம் எதுவும் வைத்துக்கொள்ளாததற்கும் இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. அலங்காரம் செய்ய ஆள் இருக்கும்போது தான் ஏன் செய்ய வேண்டும்?

எல்வின் ஜோன்ஸைப் பலமாக அடிப்பவர் என்று மட்டும் தெரிந்தவர்கள் இதில் அவருடைய பிரஷைக் கவனிக்க வேண்டும். ஸ்நேர் டிரம்மின் தோல்மேல் கம்பிக் குஞ்சம் வட்டமாகத் தேய்க்கும் 'ஷ்ஷ்' சத்தம் ஒரு நொடியும் அறுந்துபோவதில்லை. இவ்வளவு மெதுவான பாட்டில் டிரம்மர் தட்டுகளைக் குறித்தால் மட்டும் போதாது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு நொடியையும் அவர் நிரப்பித் தரவேண்டும். இல்லாவிட்டால் பாடகர் அந்தரத்தில் நிற்பார்.

குறையும் உண்டு. வான் கெல்டர் பதிவில் பியானோ பெட்டிக்குள் வைத்து வாசித்தது போல ஒலிக்கும் என்பது அவரைப் பற்றிய பழைய புகார், இங்கேயும் அது பொருந்தும். குரலும் சாக்ஸபோனும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, டைனர் மட்டும் அடுத்த அறையில் இருப்பார். அந்த ஸ்டூடியோவின் மரக்கூரை 39 அடி உயரம். குரலைச் சுற்றி காற்று இருப்பது போலத் தோன்றுவது பியானோவுக்கு ஏன் வாய்க்கவில்லை என்பது கேட்க வேண்டிய கேள்வி. அடுத்து, ஆறில் ஐந்து பாட்டு ஏறக்குறைய ஒரே வேகம். வேறு வேலை செய்துகொண்டு கேட்டால் ஒன்றோடொன்று கலந்து, எல்லாம் ஒரே பாட்டாகிவிடும். இன்னொன்று, ஜாஸ் பாடகர் என்றதும் சொல்லில்லாமல் சுரம் விளையாடும் ஸ்கேட் பாடலை எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் துளியும் கிடையாது. ஹார்ட்மன் தன்னை ஜாஸ் பாடகராகவே கருதவில்லை என்று சொல்வார்கள். கேட்டால் நம்பத்தான் தோன்றும்.

எப்படிக் கேட்பது என்பதற்கும் சில குறிப்புகள். இசை நன்றாக இருந்தும் கேட்கும் கருவி கெடுத்துவிடுகிற பதிவு இது. பேஸைத் தூக்கிக்காட்டும் இயர்போனில் ஹார்ட்மனின் கீழ் ஸ்தாயி 'ம்ம்' என்று வீங்கிவிடும். ஈக்வலைசர் இருந்தால் 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள், சொல் தெளியும். 128 கேபிபிஎஸ் எம்பி3 போன்ற தாழ்ந்த தரக் கோப்பில் முதலில் பலியாவது எல்வினின் பிரஷ். தொடர்ச்சியான தேய்ப்புச் சத்தம் நீர் குமிழியிடுவது போல உடைந்து கேட்கும். ஸ்ட்ரீமிங் செயலியில் தர அமைப்பை மேலே வையுங்கள், ஷஃபிளை நிறுத்துங்கள். ஒலியளவு, எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசும் அளவு போதும். அதற்கு மேல் ஏற்றினால் அந்தரங்கம் போய்விடும்.

எல்பி தேடுபவர்களுக்கு: மோனோ எண் ஏ-40, ஸ்டீரியோ எண் ஏஎஸ்-40. அறுபதுகளின் முற்பகுதி அச்சில் லேபிள் ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் உள்ள வெற்றுப் பகுதியில் 'வான் கெல்டர்' என்று முத்திரை குத்தியிருக்கும். பழைய பிரதி வாங்கும்போது முதல் பக்கத்தை மட்டும் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் ஊசியை வையுங்கள். அங்கே 'லஷ் லைஃப்' வெர்ஸ், குரலும் பியானோவும் மட்டும். தட்டில் கீறலோ தூசியோ இருந்தால் மறைய இடமே இல்லை, ஒவ்வொரு பொரிப்பும் கேட்கும். அதே இடத்தில் பியானோவின் நீண்ட சுரங்கள் மெல்ல ஏறி இறங்கி ஆடுகின்றனவா என்று கவனியுங்கள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 நொடி. அந்த இடைவெளியில் ஆட்டம் திரும்பத் திரும்ப வந்தால் நடுத்துளை மையத்தில் இல்லை, அல்லது தட்டு வளைந்திருக்கிறது. வேகமான பாட்டில் இது தெரியாது, பாலடில் தாங்கமுடியாது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்'. உட்பள்ளத்தை நெருங்கும் இடமாதலால் ஊசி சரியாக அமராவிட்டால் 'ஸ்' ஒலிகள் சீறும். பக்கத்துக்கு 16 நிமிடம்கூட இல்லாததால் பள்ளம் ரொம்ப உள்ளே போகத் தேவையில்லை என்பது ஓர் ஆறுதல். அங்கேயும் சீறினால் ஊசியைச் சரிபாருங்கள், தட்டைத் திட்டாதீர்கள்.

பாடக் கற்றுக்கொள்பவர்கள் இதைப் பாடப்புத்தகமாகவே வைத்துக்கொள்ளலாம். தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை 60இல் வைத்து முதல் பாட்டின் எட்டு பாரைப் பாடிப் பாருங்கள். அநேகமாக இரண்டு விதத்தில் கெடும். தட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் முன்னே ஓடுவீர்கள். அல்லது, தாமதித்துப் பாடுவது காதல் என்று நினைத்து ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, அடுத்த கோர்டு வந்த பிறகும் பழைய சுரத்தில் நிற்பீர்கள். ஹார்ட்மனும் தாமதிக்கிறார். ஆனால் வரியின் நடுவில் தாமதித்து, முடிவில் தட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார். கடனை வரிக்குள்ளேயே அடைத்துவிடுகிறார் என்று சொல்லலாம். முதலில் பாடாமல், அவர் வேகத்திலேயே வரிகளை வாயால் பேசிப் பழகுங்கள். மூச்சு எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு மெட்டைச் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் மெட்டு மூச்சைத் தின்றுவிடும்.

இது பிடித்துப்போனால் அடுத்து எங்கே போவது? அதே 1963 அக்டோபரில் ஹார்ட்மன் இம்பல்ஸுக்கே பதிவு செய்த 'ஐ ஜஸ்ட் டிராப்டு பை டு ஸே ஹலோ'. ஹேங்க் ஜோன்ஸின் பியானோ, இலினாய் ஜாகேயின் சாக்ஸபோன், டிரம்ஸில் மறுபடியும் எல்வின். இன்னும் இளகலான பதிவு, பாட்டுத் தேர்வும் விரிவு. இந்த ஆறு பாட்டின் இறுக்கம் அதில் இல்லை. 1995இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் 'த பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' படத்தில் ஹார்ட்மனின் பாட்டுகளைப் பயன்படுத்திய பிறகு புதிதாக ஒரு கூட்டம் அவரைத் தேடி வந்தது. ஹார்ட்மன் அதைப் பார்க்க இல்லை, 1983இல் காலமாகிவிட்டார். 2009இல் கர்ட் எல்லிங் இந்த இசைத்தட்டையே மையமாக வைத்து ஒரு ஆல்பம் போட்டு கிராமி வாங்கினார். நல்ல பாடகர், கைநிறையக் கற்பனை, பின்னால் தந்தி வாத்தியங்கள் வேறு. அதில் 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்' கேட்டுவிட்டு உடனே 1963க்குத் திரும்பி வாருங்கள். ஹார்ட்மன் பாட வரும்வரை பாதிப் பாட்டு காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருங்கள்.